உள்ளங்கையில் எழுதிய ஊர்

கண்ணாடி போட்டிருப்பதால் என்னை வாத்தியார் என்று நம்புகிறவர்கள் உண்டு. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போன பேருந்தில் முன் இருக்கைப் பெண்ணும் அப்படித்தான் ஏமாந்தார். உள்ளங்கை முழுக்கப் பேனாவால் எழுதிய ஆங்கிலச் சொற்கள். வியர்வையில் அழிய அழிய மறுபடி எழுதிக்கொண்டே வந்தார். துபாய் நர்ஸ் வேலைக்கு அன்று நேர்முகத் தேர்வு. சொந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொல்வார்களாம்.

“கூட்டமா இருந்தா கிரவுடட்னு சொல்லலாங்களா சார்?”

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை மூன்றாம் முயற்சியில் தாண்டியவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“சனம் அதிகமா வாழுற நகரத்துக்கு பாப்புலஸ்னு சொல்லுங்க. கொஞ்ச எடத்துல நெறைய பேரு நெருக்கியடிச்சா கிரவுடட். இதோ, இந்த பஸ் கிரவுடட்.”

“காரைக்கால்மேட்டுல எங்க வீட்ல ஒரே ரூமுல எட்டுப் பேருங்க.”

“அது சத்தியமா கிரவுடட்!” என்றேன்.

அவரும் சிரித்தபடி எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “நான் போயிட்டா ஏழு பேரு. அதுல ஒண்ணு என் கைப்புள்ள. அதுக்கு அந்த வீட்ட என்னன்னு சொல்றது சார்?”

நாகப்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த நான் நாகூரிலேயே இறங்கிவிட்டேன். கீழே நின்று பேருந்து ஜன்னல் வழியே அவரைப் பார்த்தேன். பேனா இன்னும் உள்ளங்கைமேல் எழுதாமல் நின்றுகொண்டிருந்தது.