மகளின் கண்ணில் இல்லாத வளையம்

என் மகள் பிறந்த சில நாட்களில், காலை வெயிலில் காட்டலாம் என்று அவளை வாசலுக்குத் தூக்கிப்போனேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீறிட்டாள். நிழலுக்கு வந்த பிறகுதான் திறந்தாள். எல்லோர் கண்ணிலும் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் இருக்குமே, அது அவளுக்கு இல்லை. முழுக்க ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பும் ஓரிடத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

என் மாமியார் எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர் காவலூர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"கெரகணத்தன்னிக்கு காய் அரியாதேன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாளா இவ?"

அன்றைக்கு நான் கத்தியைத் தொடவே இல்லை. ஏழு மாத வயிற்றோடு ஜன்னலை மூடிவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் என் கணவர். இப்போது அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் மெக்கானிக் கடைக்குக் கிளம்பிப் போனார்.

குழந்தைக்கு ஒரு வயதாகும்போது, சந்தவாசலிலிருந்து என் அப்பா வந்து சண்டை போட்டார். அதன் பிறகுதான் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எங்கள் மூன்று பேரிடமும் ரத்தம் எடுக்கச் சொன்னார். கணவரின் கண்களையும் மிஷினில் வைத்துப் பார்த்தார். அவருடைய இடது கண்ணின் நடுப்புள்ளி வட்டமாக இருக்காது, கொஞ்சம் கீழே இழுத்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் முள் குத்தியது என்று சொல்வார்.

முடிவு வந்ததும் மறுபடி போனோம். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"கண்ணு எப்படி உருவாகணும்ங்கிற குறிப்பெல்லாம் நம்ம டி.என்.ஏ.வுல இருக்கும்மா. ஆனா சும்மா இருந்தா அது வேலை செய்யாது. பாக்ஸ் சிக்ஸ்னு ஒரு புரதம் இருக்கு. அது டி.என்.ஏ.வுல தனக்கான இடங்களைக் கண்டுபிடிச்சு, அங்கங்க போய் ஒட்டிக்கணும். அப்பதான் லென்ஸ், விழித்திரை, இந்த வளையம் எல்லாத்துக்கும் வேலை ஆரம்பிக்கும். இந்தப் புரதத்தைச் செய்யற ஜீன் அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு வரும். பாப்பாவுக்கு வந்ததுல ஒண்ணு பழுது. அதனால புரதம் பாதிதான் கிடைச்சிருக்கு. கண்ணுக்கு அந்தப் பாதி போதாது."

"ஏழாம் மாசத்துல கிரகணம் வந்துச்சுங்க" என்றேன்.

"நீங்க முழுகாம இருக்கீங்கன்னே சரியாத் தெரியாத நாள்லயே இது ஆரம்பிச்சிடும்மா. ஏழாம் மாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்க கண்ணுல முள்ளு குத்தலீங்க. பிறவியிலேயே அப்படித்தான். உங்க உடம்புல சில செல்கள்ல மட்டும் இந்தப் பழுது இருக்கு, அதனால உங்களுக்கு லேசா போயிடுச்சு. பிள்ளைக்குப் போனா முழுசா போகும். அடுத்த குழந்தைக்கும் வரலாம். யார் தப்பும் இல்ல."

போளூர் பஸ்ஸில் குழந்தை என் மடியில் தூங்கிவிட்டாள். ஊர் நெருங்கும்போது அவர் வாய் திறந்தார்.

"வூட்ல இத சொல்லாதே."

"இன்னான்னு சொல்றது அப்போ?"

"உன் ரத்தத்துலதான் கோளாறுன்னு சொல்லிக்கலாம். நீ ஒண்ணும் செத்துட மாட்டே."

நான் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், மாமியார் முன்னால், டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். மாமியார் தன் மகனைப் பார்த்தார். "இன்னாடா சொல்றா இவ?"

"டாக்டரு அப்டி ஒண்ணும் சொல்லலம்மா. இவ ரத்தந்தான் கெட்டிருக்காம்" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

மாமியார் என் துணிகளை வாரி வெளியே போட்டார். "குருட்டுக் குட்டிய தூக்கிக்கினு கெளம்பு. வம்சத்துக்கு வேற பொண்ணு பாத்துக்கறோம்."

பார்த்தார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி எங்களைப் பிரித்துவிட்டார்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் பெண் பேசியிருப்பது தெரிந்து, நம்பர் வாங்கி அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவரு கண்ணுல இருக்கற கோளாறு பொறக்கற கொழந்தைக்கும் வரலாம்னு டாக்டரே சொல்லிருக்காங்க" என்றேன். "வாழத் தெரியாம வந்தவ பேச்ச நாங்க கேக்கணுமா?" என்று வைத்துவிட்டார்.

நான் சந்தவாசலில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மகளைச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். அவள் கண்ணில் அழுத்தம் ஏறியிருப்பதை ஒரு தடவை கண்டுபிடித்தார்கள். விட்டிருந்தால் இருக்கிற பார்வையும் போயிருக்கும். தினமும் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றினோம். குளிர்க்கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாள்.

அந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அதே கண் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னார். மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அழுகை இல்லை, நிஜமான சிரிப்பு. வயிறு வலிக்கிற வரை சிரித்தேன். இரண்டு மூன்று நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகு மகளுக்கு மருந்து போடும்போது, அந்தக் குழந்தைக்கு யார் அழுத்தம் பார்ப்பார்கள் என்று தோன்றிவிட்டது. காவலூருக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். சின்னப் பெண். தோளில் குழந்தை முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. இந்த முறை குற்றம், அவள் நிறைமாதத்தில் புளியமரத்தடிக்குப் போனது.

"இது உன் தப்பு இல்லம்மா. கண்ணுல அழுத்தம் ஏறும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ, நானும் கூட வர்றேன்" என்றேன்.

அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். "நீங்க பட்ட வயித்தெரிச்சல்தான் எம் புள்ளைக்கு இப்டி ஆச்சு. இன்னும் இன்னா பாக்க வந்தீங்க?"

கடையிலிருந்து அவர் வந்தார். தெருவில் பத்துப் பேர் நின்றார்கள். "கண்ணு வெச்சிட்டுப் போகத்தான் வந்திருக்கா" என்று அவர்களிடம் சொன்னார். அவருக்கு உண்மை தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் குனிந்து மண்ணை அள்ளி என் மேல் எறிந்தாள்.

போன மாதம் செய்தி வந்தது. அந்தப் பையனுக்கு ஒரு கண் சுத்தமாகப் போய்விட்டதாம். பச்சிலைச் சாறு விடுகிறார்களாம். அந்தப் பெண் பிள்ளையோடு ஜமுனாமரத்தூருக்கே திரும்பிவிட்டாள். அவருக்கு மூன்றாவதாகப் பெண் பார்க்கிறார்கள்.