மூலையில் மூன்று கஜு

என் மகள் கைபேசியில் ஒரு அம்மணியைப் பார்த்துத்தான் நத்தார் கொண்டாடுகிறாள். அந்த அம்மணி ஐந்து நிமிடத்தில் நட்சத்திரம் செய்வார், பத்து நிமிடத்தில் கேக் செய்வார், விரலில் பசை பட்டதாகச் சரித்திரமே கிடையாது. நேற்று அவர் சொன்னார், அலங்காரம் தொங்கவிட ஆணியே தேவையில்லையாம். ஒட்டுகிற கொக்கி இருக்கிறதாம், உரித்தால் சுவரில் அடையாளமே இராதாம். அடிப் பாவி, இதை முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் பார்த்ததே ஆணியால்தான்.

அப்போது கெலிஓயாவில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ஆசிரியை, அடுத்த வளவில் தனியாக இருந்தார். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நாங்கள் வந்த அன்றே ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சொவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க."

"ஓம் டீச்சர்" என்றார் அம்மா. மார்கழி பிறந்ததும் சுத்தியலைத் தேடி எடுத்தார்.

அம்மாவின் கைவேலையைப் பற்றி என்ன சொல்ல! சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் நட்சத்திரம் வெட்டுவார். ஐந்து முனையில் ஒன்று எப்போதும் நொண்டும். கோதுமை மாவில் பசை காய்ச்சித் தாள்சங்கிலி ஒட்டுவார். அதைக் கரப்பான்கள் நத்தாருக்கு முன்பே கொண்டாடி முடித்துவிடும். ஹேவாஹெட்டப் பக்கமிருந்து வரும் சைப்பிரஸ் கிளையில் பஞ்சைப் பிய்த்துப் பனி தூவுவார். வெளியே கெலிஓயா மழையில் ஊறிக்கொண்டிருக்க, உள்ளே எங்களுக்கு மட்டும் ஐரோப்பா.

மூன்றாம் வருடம் நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்கையில், டீச்சர் எதற்கோ வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகளை எண்ணுவதுபோல விரல் நீட்டி எண்ணினார். பதினேழு ஓட்டை.

"தையோட வீட்ட காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது விளையாட்டில்லை. எங்களைப் போல யாழ்ப்பாணத்தார் என்றால் வாடகைக்கு வீடு கொடுக்க ஆட்கள் பத்துமுறை யோசித்த காலம். இந்த வீடு கிடைக்கவே அப்பா ஐந்து மாதம் அலைந்திருந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் திட்டம் போட்டார். நத்தாரன்று டீச்சரை வீட்டுக்கு அழைப்பது, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நட்சத்திரம் தொங்கவிட்டு மறைப்பது, லவ் கேக் கொடுத்து மனதை இளக்குவது.

"நட்சத்திரத்தை எதிலையப்பா தொங்கவிடப் போறீர்?" என்று அப்பா கேட்டார்.

"ஆணியிலதான். நீங்கள் சும்மா இருங்கோ."

லவ் கேக்கில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ரவையை வறுக்கும்போதே ஒழுங்கை முனைவரை மணக்கும். சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, தேன், பன்னீர், கைநிறையக் கஜு என்கிற முந்திரிப்பருப்பு. குழைப்பதெல்லாம் வீட்டில், சுடுவது பேக்கரியில். அந்தக் காலத்தில் வீட்டில் யாரிடம் மின்சார அவன் இருந்தது? பாண் சுட்டு முடிந்து பேக்கரிப் போறணைச் சூடு தணியும் நேரத்தில், ஊரிலுள்ள நாங்கள் எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்போம். பெயரெழுதி ஒட்டினால் தாள் கருகிவிடும். அதனால் ஆளுக்கொரு அடையாளம். எங்கள் அடையாளம் வலது மூலையில் முழுசாக மூன்று கஜு. டீச்சர் அடையாளமே வைக்க மாட்டார். தன் தட்டைப் பேக்கரி நானாவுக்குத் தெரியுமாம், அவ்வளவு செல்வாக்கு.

தட்டைக் கொண்டுபோனது நான். வயது பன்னிரண்டு, வரிசை நீளம், கஜு என் மூக்குக்குக் கீழே. முதலில் ஒன்றுதான் எடுத்தேன். இரண்டு கஜு இருந்தால் அது வேறு யாருடைய அடையாளமாகவோ ஆகிவிடுமே என்ற நல்லெண்ணத்தில் மற்ற இரண்டையும் தின்றேன்.

வெந்து வெளியே வந்தபோது அடையாளம் இல்லாமல் இரண்டு தட்டு மிஞ்சின.

"புள்ள, ஒங்கட எது?" என்றார் நானா.

கொஞ்சமும் தயங்காமல் வடிவாகச் சிவந்திருந்ததைக் காட்டினேன். அடையாளக் கஜு கருகி உதிர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

நத்தாரன்று பின்னேரம் டீச்சர் வந்தார். அவர் வரும்வரை கேக்கில் கத்தி வைக்க அம்மா விடவில்லை. ஒரு துண்டை டீச்சருக்குக் கொடுத்துத் தானும் ஒன்று கடித்தார். கடித்தவர் அப்படியே நின்றார். கேக்கில் கஜு இல்லை. கச்சான், அதுதான் நிலக்கடலை! கஜு வாங்க மனம் வராமல் லவ் கேக்கில் கச்சான் போடுகிற மனுஷி அந்த ஊரில் ஒருவர்தான், அவர் எங்கள் கதிரையில் இருந்து மென்றுகொண்டிருந்தார். போச்சு, வீடு போச்சு.

டீச்சர் மென்றார், விழுங்கினார், அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்: "நானும் கேக் போட்டேங்க. கோயில்ல இருந்து காலையில வந்தவங்க எல்லாம், இப்பிடி கேக் சாப்பிட்டதே இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஊர் புகழ்ந்தது, டீச்சர் வீட்டுக்கு மாறிப்போன அம்மாவின் கேக்கை. நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது உங்கட கைராசி டீச்சர்" என்றார் அம்மா.

அந்த நேரம் பார்த்து ஒரு நொண்டி நட்சத்திரம் கழன்று விழுந்தது. டீச்சர் எழுந்துபோய் அதை எடுத்து, ஆணியில் தன் கையாலேயே மாட்டினார்.

"ஆணி பலமாத்தான் இருக்கு" என்றார். "வர்ற வருஷம் எனக்கும் ஒரு தட்டு சேத்துப் போட்டுருங்க."

வீட்டைக் காலி பண்ணும் பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அங்கே இருந்தோம், ஒன்பது வருடமும் இரண்டு தட்டு. மாதா செய்த புதுமை என்றுதான் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். புதுமை செய்தவள் நான், பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன். போறணை இருந்த இடத்தில் கைபேசிக் கடை. டீச்சரும் இல்லை, அந்த வீடும் இல்லை. சுவரே போனபிறகு ஓட்டையை எங்கே தேடுவது?

இன்று மகள் அம்மணி சொன்னபடி குழைத்த கேக்கை மின்சார அவனுக்குள் வைக்கப் போனாள். ஒரு நிமிடம் நில் என்று சொல்லி, வலது மூலையில் மூன்று கஜு வைத்தேன்.

"இது என்னத்துக்கம்மா?"

"எங்கட தட்டெண்டு தெரிய வேணுமே."

"இதுக்குள்ள வேற யாற்ற தட்டு இருக்கு?" என்று சிரித்தாள்.

ஒருவருடையதும் இல்லைதான். கண்ணாடிக்குள் அந்த மூன்றும் சிவந்துகொண்டு வந்தன. நான்தான் தின்றேன் அம்மா என்று வாய்விட்டே சொன்னேன். மகள் கைபேசியில் இருந்தாள், கேட்கவில்லை.