வெஸ்டர்கார்டின் கடைசிப் பதினொருவர்

ஆர்லோ வெஸ்டர்கார்ட் பகலில் எங்களுக்குக் கணிதம் நடத்தினார். மாலையில் கால்பந்து அணியைப் பழக்கினார். இரண்டுக்கும் அவரிடம் ஒரே குரல்தான். அவர் வகுப்பில் சமன்பாடு சொன்னால் மைதானத்தில் புல் வெட்டுபவருக்கும் கேட்கும்.

நெப்ராஸ்காவின் சோள வயல்களுக்கு நடுவே இருந்த சின்னக் கல்லூரி அது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுபவனை மோதி வீழ்த்தும் எங்கள் ஆட்டத்துக்கு உடம்பு வேண்டும். எங்களிடம் இருந்தது பால் கறந்து, வைக்கோல் சுமந்து வளர்ந்த உடம்பு. ஒவ்வொரு செப்டம்பரிலும் கோச் அணிப் பட்டியலைத் தட்டச்சு செய்து உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் ஒட்டுவார். பெயர், ஊர், உயரம், எடை. எதிரணி பயப்படட்டும் என்று எடையை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் போடுவார்.

"கோச், நான் இவ்வளவு எடை இல்லையே?" என்று முதல் வருடம் போய்க் கேட்டேன்.

"இன்னிக்கு இல்லடா. உங்கம்மா சமையல ஒழுங்கா சாப்பிடு, நவம்பருக்குள்ள வந்துடும். நான் என்ன பொய்யா எழுதியிருக்கேன்? கொஞ்சம் முன்னாடியே எழுதியிருக்கேன்."

1942 செப்டம்பரில் கதவில் முப்பத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. உலகப் போருக்குள் அமெரிக்கா நுழைந்து முதல் வருடம் முடியப் போகிற நேரம். எங்கள் தலைவன் மில்டன் குசேரா. செக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, கதவை அடைத்து நிற்கும் தோள். அக்டோபரில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவன் கரும்பலகை அருகே போய் நின்றான். என் வலது காது சின்ன வயதுக் காய்ச்சலில் போய்விட்டதால் நான் எப்போதும் முன் பெஞ்சில்தான் உட்காருவேன். அன்றும் அங்கேதான் இருந்தேன்.

"கோச், கடற்படைல சேர்ந்துட்டேன். கையெழுத்து போட்டாச்சு."

கோச் பலகையை அழித்துக்கொண்டே இருந்தார். அதில் அழிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

"சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சு போக முடியாதா?"

"ரயில் வெள்ளிக்கிழமை கோச்."

"வீட்ல சொல்லிட்டியா?"

"அப்பாகிட்ட சொன்னேன். அம்மாகிட்ட அப்பா சொல்லுவாரு."

கோச் முந்தைய போரில் பிரான்சில் விஷப்புகை குடித்துத் திரும்பியவர். குளிர்காலத்தில் அவர் இருமலை வைத்தே எந்த அறையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் கோடையில் தானும் சேரப் போய், வயதையும் நுரையீரலையும் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். போகாதே என்று அவர் சொல்லலாம் என்று காத்திருந்தேன். போய் வா என்றாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் குசேராவின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "உள்சட்டை நெறைய எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

தலைவனே போன பிறகு மற்றவர்கள் இருப்பார்களா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரயில் நிலையத்தில் யாரோ ஒருவன் பெட்டியோடு நின்றான். கோச் எல்லோருக்கும் போய்க் கை கொடுத்தார். திங்கட்கிழமை பட்டியலில் பெயரை அடித்தார். அடிக்கிறவரை அடித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை அந்தக் காகிதத்தையே கிழித்துப் போட்டார். அதன்பின் கதவில் எதுவும் ஒட்டவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் ஆட்டம் டன்ஹோம் கல்லூரியோடு. அப்போது நாங்கள் மிஞ்சியது பதினொரு பேர். என் காதைப் போலவே ஆளுக்கு ஒரு குறை. ஒருவனுக்குக் கண், ஒருவனுக்குத் தட்டைப் பாதம். ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று கல்லூரித் தலைவர் சொன்னார். கோச் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்க சொல்றதுதான்டா. எனக்கு எதுவும் சொல்லத் தெரியல."

அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. தட்டைப் பாதக்காரன் வெர்னன் பிலிஹால்தான் சிரித்தான். "ராணுவந்தான் வேணாம்னுடுச்சு, டன்ஹோமாவது நம்மள அடிக்கட்டும் கோச்."

ஆடினோம். அறுத்த சோளத்தட்டைகள் மேல் காற்று விசில் அடித்தது. முதல் பாதி முடியுமுன் அதே பிலிஹாலின் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்தது. எங்கள் பெஞ்சில் மாற்று ஆள் இல்லை. கம்பளி மட்டும்தான் இருந்தது. நடுவர் கோச்சிடம் வந்து என்ன செய்வது என்று கேட்டார். கோச் மைதானத்தையே பார்த்தார்.

அப்போது டன்ஹோமின் கோச் ரயர்டன் மைதானத்தைக் கடந்து வந்தார். பழைய ஆட்டம் ஒன்றில் வந்த சண்டையால் இருவரும் பல வருடங்களாகப் பேசுவதில்லை.

"ஆர்லோ, என் பெஞ்சுல பசங்க சும்மா நடுங்கிட்டு உக்காந்திருக்கானுங்க. ஒருத்தன எடுத்துக்கோ."

"இரவலா?"

"இரவல்தான்யா. பத்திரமா திருப்பிக் குடு."

கோச் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார். வந்த பையன் பிலிஹாலின் சட்டையை மாட்டிக்கொண்டு, தன் அணிக்காரனையே முதல் மோதலில் மண்ணில் கிடத்தினான்.

"டேய் துரோகி, மெதுவாடா! திரும்பிப் போறப்ப ஒரே பஸ்லதான்டா போகணும்!" என்று விழுந்தவன் கத்தினான். பார்க்க வந்திருந்த கொஞ்ச பேரும் சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. நாங்கள் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றோம். உடைமாற்றும் அறையில் கோச் வழக்கம்போல் "அடுத்த வருஷம்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருடம் அணியே இல்லை. கணித வகுப்பில் பெண்களும் நானும்தான் இருந்தோம். அந்தக் குளிர்காலத்தில், பசிபிக் கடலின் தராவா தீவில் குசேரா இறந்த தந்தி வந்தது. சில வாரம் கழித்து அவன் அம்மா, சந்தைக்கு வந்தவர், தலையில் கட்டிய துணியோடு வகுப்பறை வாசலில் நின்றார்.

"எங்க பேச்ச அவன் கேக்க மாட்டான். நீங்க சொன்னா கேப்பான் சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்மா."

"ஏன் சொல்லல?"

கோச்சின் கையில் சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது. "தெரியலம்மா. சத்தியமா தெரியல."

"நான் குத்தம் சொல்ல வரல சார். கேக்காம இருக்க முடியல, அதான்."

கோச் அவரோடு தெரு வரை நடந்து போனார். அவர்கள் வண்டி போன பிறகும் பனியில் தொப்பியில்லாமல் நின்றிருந்தார்.

போர் முடிந்து, 1946இல் அணி திரும்பியது. நான் அந்த ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாலையில் கோச்சுக்கு உதவப் போவேன். வந்த ஆட்டக்காரர்களில் பலர் போர் பார்த்தவர்கள், மனைவியும் பிள்ளையும் உள்ளவர்கள். கோச்சின் குரல் எழும்பவில்லை. "மோதுங்க" என்பதை, கடையில் உப்பு கேட்பதுபோல் கேட்டார்.

ஒரு பயிற்சியில் இருவர் மோதி, ஒருவன் மல்லாந்து விழுந்தான். மூச்சடைப்பு, இந்த ஆட்டத்தில் தினமும் நடப்பது. கோச் ஓடிப்போய் மண்டியிட்டு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஒண்ணுமில்ல கோச். மூச்சு வந்துடுச்சு. விடுங்க."

அவர் விடவில்லை. அந்த ஆள் எழுந்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை. கடைசியில் நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். யாரும் கேலி செய்யவில்லை. மறுநாள் காலை கல்லூரித் தலைவரிடம் போய், இனிக் கணிதம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்.

அணி என் தலையில் விழுந்தது. முதல் ஆட்டத்துக்குக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனேன். வர மாட்டேன் என்றார்.

"பசங்கள பத்திரமா பாத்துக்கோ."

"எப்படி கோச்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனாடா?"

அவர் மனைவி தோரா காப்பி கொண்டுவந்து வைத்தார். அந்த வருடம் மழை பிந்தியதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.