பேச்சியம்மாள் போடாத கையெழுத்து

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "சார், பேச்சியம்மா வீட்டுக்காரர் பேசுறேன். காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே போயிட்டா சார்." "இந்தா வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உசிலம்பட்டி வண்டி ஏறி எழுமலைக்குப் போனேன். வழியெல்லாம் துக்கத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் கூடவே வந்தது. அதை மறைத்துக்கொண்டு இந்த அஞ்சலியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர் திருமதி பேச்சியம்மாள். சிவில் டிப்ளமோ முடித்து, மதுரையில் எங்கள் கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வேலையில் படு கறார். ஆனால் யாரையும் திட்ட மாட்டார். கான்கிரீட் இறுகுவதற்காகத் தூணைச் சுற்றிய ஈரச்சாக்கு வெயிலில் காய்ந்து கிடந்தால், "மேஸ்திரி, சாக்கு பத்தலையா? உங்க வேட்டியை நனைச்சுச் சுத்துவமா?" என்பார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் தேடுவார்.

விளாங்குடியில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்குவதென்று முதலாளி முடிவு செய்தார். மதுரையில் அப்போது அது புதுச் சமாச்சாரம். சூடு இறங்காத கூரை, நிலக்கரிச் சாம்பலில் செய்த கல், மழைநீர் இறங்கும் குழி என்று ஒவ்வொன்றுக்கும் அளவும் படமும் காட்டினால்தான் மதிப்பெண். அளந்து எழுதுவது அவர் பொறுப்பு, படமெடுத்து ஆவணம் தயாரிப்பது என் பொறுப்பு. "பசுமைக் கட்டடம்னா பச்சை பெயின்டா மேடம்?" என்று மேஸ்திரி கேட்டார். "நம்ம எடத்துல பெய்யுற மழை நம்ம மண்ணுக்குள்ளயே இறங்கணும். பின்தெருக்காரன் வீட்டுக்குள்ள போகக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றார் பேச்சியம்மாள். நான் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தில் நான்கு குழிகள். தோண்டியது ஒன்றுதான். மற்ற மூன்றும் வரவேண்டிய இடத்தில், வண்டி நிறுத்துவதற்காக அவசர அவசரமாகக் கல் பதித்துவிட்டார்கள். பெயர்த்தால் திறப்பு விழா தள்ளிப்போகும். சிலேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றி மாற்றி எழுதி வைத்து, அந்த ஒரே குழியை நான்கு பக்கமிருந்தும் படமெடுத்தேன். பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு!

படங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "என்னண்ணே, நாலு குழி ஓரத்துலயும் அதே ஒத்தச் செருப்பு கிடக்கு? கூடவே நடந்து வருதோ?" சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கல்லைப் பேத்துருவோம்ணே. ரெண்டு வாரம் பிந்தினா என்ன கெட்டுப்போச்சு? நான் ஒரு குழின்னுதான் எழுதிருக்கேன். நாலுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

சான்றிதழ்க் குழுவினர் பேச்சியம்மாள் எழுதிய அளவுப் புத்தகத்தைக் கேட்டார்கள். படத்தில் நான்கு, புத்தகத்தில் ஒன்று. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஒரு குழிதான் சார் இருக்கு" என்றார் பேச்சியம்மாள். "போட்டோ பொய்யா சொல்லும்?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேல கல்லு பதிக்கிறதுக்கு முன்னாடி அவங்க மூணை அளக்காம விட்டுட்டாங்க சார்" என்றேன். பேச்சியம்மாள் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். புதிய அளவுத் தாளில் நான் கையெழுத்திட்டேன். சான்றிதழ் வந்தது, பாராட்டும் வந்தது. அடுத்த ஐப்பசி மழையில் பின்தெரு வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். "அளக்கத் தெரியாத அம்மா" என்ற பேச்சு சைட் சைட்டாகப் பரவி, அவரை எங்கும் வேலைக்குச் சேர்க்கவில்லை. கடைசிவரை ஒரு சிமென்ட் கடையில் பில் எழுதினார்.

அந்தக் கடையில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. அவரோ டீ வாங்கிவரச் சொல்லி உட்காரவைத்தார். "உங்க பேரை யார்ட்டயும் சொல்லலண்ணே, வீட்டுக்காரர்ட்டகூட. நான் சொன்னா கோவத்துல சொல்றேன்பாங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும். எப்பண்ணே சொல்லுவீங்க?" "சொல்றேன்ம்மா" என்றேன். பாவி, அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

எழுமலையில் மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய மகள் பக்கத்தில் வந்தாள். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். "அங்கிள், நீங்க கூட இருந்தீங்கள்ல. அம்மா நெசமாவே தப்பா அளந்தாங்களா?" அழுது வீங்கிய கண்ணோடு கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று அவள் தலையைத் தடவினேன். சீ, என்ன மனுஷன் நான்! வாசலில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினாறாம் நாளுக்குச் சின்னப் புத்தகம் போடுறோம் சார், நீங்க அவசியம் எழுதணும்" என்றார்.

எழுதிவிட்டேன். இதில் உள்ளதையே முதலாளிக்கும் சான்றிதழ்க் குழுவுக்கும் கடிதமாக அனுப்பியிருக்கிறேன். வருவது வரட்டும். ஒரு வரியையும் வெட்டாமல் அச்சிடுங்கள். மகளே, உன் அம்மா சரியாகத்தான் அளந்தார். இருந்தது ஒரு குழிதான். பொய் சொன்னவன் நான்.

பேச்சியம்மா, சொல்லிவிட்டேன். உங்கள் காதில் விழும்படி சொல்ல எனக்கு எத்தனை வருஷம் இருந்தது.