உயிரோடு இருப்பவனுக்கு ஒரு மாலை

என் தம்பி உயிரோடுதான் இருக்கிறான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை நிறையப் பேர் எனக்கு ஃபோன் போட்டுத் துக்கம் விசாரித்துவிட்டார்கள். இதே ஊரில் கேலாங் பக்கம் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஷிப்யார்டில் வேலை பார்த்துக்கொண்டு, மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டுத் தொப்பை வளர்த்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறான்.

அவனுக்கும் அவன் மனைவிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு வயது மகள் அம்மாவோடு செம்பவாங்கில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா வந்து தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவான். தோசை சாப்பிடுவார்கள், வளையல் கடையில் அரை மணி நேரம் நின்று ஒன்றும் வாங்காமல் திரும்புவார்கள். அந்த ஒரு நாளுக்காக அந்தப் பிள்ளை வாரம் முழுக்கக் காத்திருக்கும்.

பிள்ளை நன்றாகப் பாடும். அத்தை என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல குரல். டிவியில் சிறுவர் பாட்டுப் போட்டிக்குத் தேர்வானபோது ஆபீசில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டவள் நான்தான். அரை இறுதிக்கு முன்னால், போட்டியாளர்களின் வீட்டுக்கே வந்து 'குடும்பக் கதை' படம் பிடிப்பார்களாம். பாட்டுப் போட்டிக்கு எதற்குக் கதை? அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. படப்பிடிப்பு அன்று கறிபஃப் வாங்கிக்கொண்டு செம்பவாங்குக்குப் போனேன்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரே வெளிச்சம். சுவரில் தம்பி மனைவியின் அப்பா படம் எப்போதும் மாட்டியிருக்கும், மாலையோடு. அவர் காலமாகிப் பல வருஷம். அன்று அதன் பக்கத்தில் இன்னொரு படம். என் தம்பி, பிள்ளையின் பிறந்தநாளில் சிரித்துக்கொண்டு எடுத்தது. அந்தப் படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். கீழே விளக்கு எரிகிறது. பிள்ளை கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறது.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! "யார்டா இந்த மாலையப் போட்டது?"

பிள்ளை கண்ணைத் திறந்து, "நான்தான் அத்தை. ஸ்டூல்ல ஏறிப் போடச் சொன்னாங்க" என்றது.

தயாரிப்பாளர் சின்ன வயசுப் பையன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க லா. அவர் இறந்துட்டாருன்னு நாங்க எங்கயுமே சொல்ல மாட்டோம். ஜஸ்ட் காட்டுவோம், அவ்வளவுதான். ஆடியன்ஸ் அவங்களாவே புரிஞ்சுக்குவாங்க."

எவ்வளவு நாசூக்கு பாருங்கள். பொய்யைப் பிள்ளையின் கையால் மாட்டச் சொல்லிவிட்டு, இவர் வாயால் சொல்ல மாட்டாராம்.

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "அண்ணி, விவாகரத்தான அப்பான்னா யாரும் ஓட்டுப் போட மாட்டாங்களாம். மத்த பிள்ளைங்க கதையெல்லாம் எவ்வளவு சோகம் தெரியுமா? அவளுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

"அதுக்கு என் தம்பியக் கொல்லுவியா?"

"அவர்கிட்ட கேட்டுட்டுதான் செய்யறோம். நீங்களே கேட்டுப் பாருங்க."

அங்கேயே அவனுக்கு ஃபோன் போட்டேன். சிரிக்கிறான், மடையன்! "விடுக்கா. என்னால அவளுக்கு வேற என்ன செய்ய முடிஞ்சுது? ஜெயிக்கட்டும். போட்டி முடியற வரைக்கும் நாலு வாரம் செத்துட்டுப் போறேன்."

பெரியவர்கள் மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள். யாராவது அந்தப் பிள்ளையைக் கேட்டார்களா? நான் போய் மாலையைக் கழற்றிக் குப்பைப் பையில் போட்டேன். அதற்குள் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லைட்டை மடக்கிக்கொண்டு, தேங்க்ஸ் அக்கா என்று சொல்லிவிட்டு, என் கறிபஃப்பையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

சரி, போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். கிளம்பும்போது பிள்ளை லிஃப்ட் வரைக்கும் என்கூட வந்தது. லிஃப்டைக் கூப்பிடாமல் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டது.

"அத்தை, தாத்தாவுக்கு மாலை போட்டது அவங்க செத்ததுக்கு அப்புறம்தானே?"

"ஆமாம்மா."

"முன்னாடியே போட்டுட்டா?"

"ஒண்ணும் ஆகாதுடி. அது சும்மா ஷூட்டிங்" என்றேன். ஆனால் என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலை போடுவதை எந்த வீட்டில் பார்த்திருக்கிறோம்? படத்தில் பூவைச் சும்மா செருகினாலே எங்கள் அம்மா கையைத் தட்டிவிடுவார். பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது, பிறகு பட்டனை அழுத்தியது.

அன்றிலிருந்து ஃபோன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன், வந்ததும், சாப்பிட உட்காரும்போது. "அப்பா, என்ன பண்றீங்க?" அவ்வளவுதான் கேட்கும், பதில் வந்ததும் வைத்துவிடும். என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "பிள்ளைக்கு என் மேல பாசம் அதிகமாயிடுச்சுக்கா" என்கிறான். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம்தான் அவன் சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவளை எதிரில் உட்காரவைத்து, "பாரு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கையைக் கிள்ளிக் காட்டினானாம். அவளோ பூக்கடைப் பக்கமே வர மாட்டேன் என்று சுற்று வழியில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

தம்பி தயாரிப்பாளரைக் கூப்பிட்டு அந்தக் காட்சி வேண்டாம் என்றான். எடிட்டிங் முடிந்துவிட்டதாம். ஒப்பந்தத்தில் பிள்ளையின் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அரை இறுதிப் பதிவுக்கு நானும் போய் உட்கார்ந்தேன். பிள்ளை பாடியது. சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் பெரிய திரையில் போட்டார்கள் பாருங்கள், ஸ்டூல், மாலை, விளக்கு, பின்னால் வயலின் அழுகிறது. அரங்கமே மூக்கைச் சிந்துகிறது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தொகுப்பாளர் மண்டியிட்டு, பிள்ளையின் தோளில் கை வைத்து, நல்ல தமிழில் கேட்டார்: "மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறீர்கள், கண்ணம்மா?"

பிள்ளை அண்ணாந்து பார்த்தது. அங்கே லைட்டுகள்தான் இருந்தன. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து சொன்னது:

"அப்பா, மாலையை அத்தை கழட்டிட்டாங்க. நான் ஃபோன் பண்ணா எடுங்கப்பா."

அரங்கம் ஓவென்று அழுதது. கை தட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன். "அடப் பாவிங்களா, அவன் சாகலடா! கேலாங்ல இருக்கான்!"

பதிவை நிறுத்தினார்கள். இரண்டு பேர் வந்து என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடுவதற்குள் தொகுப்பாளர் குரல் கேட்டது. "சத்தம் வந்துடுச்சும்மா. அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லு, செல்லம்." பிள்ளை சொன்னது. அதே மாதிரி, ஒரு வார்த்தை மாறாமல்.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள். வெளியே பஸ் ஸ்டாப்பில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவளும் அம்மாவும் வந்தார்கள். பவுடரும் மையும் முகத்தில் அப்படியே இருந்தன. வந்ததும் என் ஃபோனைப் பிடுங்கி அப்பாவுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள்.

"வேலையில இருப்பாரும்மா. ஃபோன லாக்கர்ல வைக்கணும்னு உனக்குத் தெரியுமே" என்றாள் அம்மா.

பிள்ளை மறுபடி போட்டது. "நான்தானே போட்டேன்" என்றது. "ஸ்டூல்ல ஏறி நான்தானே போட்டேன்." தம்பி மனைவி அப்படியே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்ட வாய் வரைக்கும் வந்தது, முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இரண்டு பஸ்ஸை விட்ட பிறகு ஃபோன் அடித்தது. அவன்தான். பிள்ளை ஸ்பீக்கரில் போட்டது. "என்னம்மா, ஜெயிச்சிட்டியா?"

பிள்ளை ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"அப்பா, வைக்காதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசறது?"

"எதாவது."

மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான்.