உப்புக் காற்றின் மேல் பழி

அம்மாவின் தேங்காய் எண்ணெயிலிருந்து தப்பிய பொருள் எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. இரும்பென்று ஒன்று இருந்தால் கடற்காற்று அதைத் தின்றுவிடும். சனிக்கிழமைகளில் அம்மா கோழி இறகை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு புறப்படுவார். பூட்டு, கதவுப் பிணைச்சல், தையல் மெசின், அப்பாவின் சைக்கிள் என்று எல்லாம் அபிஷேகம் பெறும். கடைசியில் என் தலை.

அம்மாவின் தம்பியான சின்ன மாமா எங்களோடுதான் இருந்தார். கிற்றார் வாசிப்பார். வெள்ளைக்காரக் கப்பற்படை ஊரைவிட்டுப் போனபோது விட்டுச்சென்று, பல கை மாறி வந்த பழைய அம்ப்ளிபயர் ஒன்று அவரிடம் இருந்தது. உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து சூடேறிய பிறகுதான் அது வாய் திறக்கும். அதை வேறு எவரும் தொடக்கூடாது என்பது மாமாவின் சட்டம்.

அவருடைய பாட்டுக் குழுவுக்கு முதன்முதலாக ஒரு கலியாண வீட்டுக் கச்சேரி கிடைத்தது. அன்று காலை பார்த்து அம்ப்ளிபயர் மக்கர் பண்ணியது. வால்வுகள் எரிந்தன; வந்ததென்னவோ எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும். மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

"இண்டைக்குச் சத்தம் வராட்டில் இனி ஒருத்தரும் எங்களைக் கூப்பிடாயினம். ஆரோ இதில கை வச்சிருக்கினம். அது மட்டும் உண்மையெண்டால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்," என்றார்.

சொன்னால் செய்கிற ஆள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அம்மா, குசினியில் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா துறைமுகத்தில் மின்சார வேலை செய்தவர். முதலில் கிற்றார் வயரை மாற்றிப் பார்த்தார். அதே பொரியல். பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்றைத் தட்டும்போது இரைச்சல் கூடியது. பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, அந்த வால்வைப் பிடுங்கினார். அது பொருந்தும் துளைகளில் பிசுக்கும் தூசியும் கறுப்பாய் அப்பிக் கிடந்தன. விரலால் தொட்டு மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். பிறகு ஒருதரம் குசினிப் பக்கம் பார்த்தார்.

"என்ன அத்தான்?" என்றார் மாமா.

"உப்புக் காத்து. துறைமுகத்தில எல்லா மெசினுக்கும் இந்த வருத்தம்தான். ஒருத்தரும் கை வைக்கேல்லை."

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அப்பா பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து எல்லாத் துளைகளையும் தேய்த்துக் காயவிட்டார். வால்வுகள் மறுபடி சிவந்தன. மாமா பயந்து பயந்து ஒரு தந்தியைத் தட்டினார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் எங்கள் வீட்டில் பாரை மீன் குழம்பு. மீன் தலை எப்போதும் மாமாவுக்குத்தான். அன்று அம்மா அதை எடுத்து அப்பாவின் சோற்றின் மேல் வைத்தார்.

"அம்மா, அது மாமாவுக்கல்லோ?" என்று நான் கேட்டேன்.

"நீ பேசாமல் சாப்பிடு."

மாமா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சோறு பிசைந்தார். அப்பா குனிந்த தலை நிமிராமல் மீன் தலையை ரசித்து உறிஞ்சினார். கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கிறதென்று மாமாவுக்காக நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.