ஒன்பது மஞ்சள் பக்கெட்டுகள்

எம்லின் பெய்னன் முப்பத்தொரு வருஷம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரத்தில் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளும் காலை எட்டு பத்துக்குச் சரியாக கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார். போக இடமில்லை. திரும்ப உள்ளே போய், தோட்டத்து மூலையில் மட்கு உரம் போட ஆரம்பித்தார்.

எங்கள் வரிசையில் பத்து வீடுகள். பின்பக்கம் ரயில் பாதை போகும் மேடு. முன்பக்கம் தெருவுக்கு இறங்க இருபத்தொன்பது படிகள். எம்லின் வருஷாவருஷம் மார்ச் மாதம் ஒன்பது மஞ்சள் பக்கெட் நிறைய உரத்தை ஒன்பது வீட்டு வாசலிலும் வைத்துவிட்டுப் போவார். பக்கெட் திரும்பிவர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். ஆனால் காலியாக வராது. ஜாம், முட்டை, வெல்ஷ் கேக் என்று ஏதாவது இருக்கும்; எதுவும் இல்லாத வீட்டிலிருந்து இரண்டு வெங்காயமாவது வரும். காலிப் பக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பது, கிட்டத்தட்ட முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. யாரும் அப்படிச் செய்ததில்லை.

பக்கத்து வீட்டு ஆல்வெனுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். மம்பிள்ஸ் கடற்கரையில், படியே இல்லாத ஒரு ஃபிளாட்டைப் பார்த்து வைத்திருந்தாள். தன் வீட்டை விற்றால் அது அவளுக்கு. வாங்க ஆளும் வந்தாயிற்று. ஏப்ரல் கடைசியில், வாங்குகிறவருடைய வங்கியின் சார்பாக வீட்டைப் பரிசோதிக்க ஒருவர் வந்தார். ரோஜாப் பாத்தியில் சிவப்பாக முளைவிட்டிருந்த நாலு குருத்துகளைப் பார்த்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

நாட்வீட். மூங்கில்போல் கணுக்கணுவாக வளரும் களை. விரல் நகம் அளவு வேர் மண்ணில் கிடந்தால் போதும், மறுபடி முளைக்கும். அது இருக்கிற வீட்டுக்கு வங்கி சுலபத்தில் கடன் கொடுக்காது. அந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் தேடினோம். பத்து வீட்டிலும் இருந்தது. என் வீட்டில் அவரைப் பாத்தியில்.

ரயில் மேட்டில் அது ஆள் உயரத்துக்கு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே வரவில்லை. கடைசி வீட்டு ஹவெல், புகார்க் கடிதம் எழுதக் கிடைத்தால் சாப்பாட்டை மறக்கிற ஆள். ரயில்வேக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, ஆல்வென் வீட்டுச் சமையலறையில் எல்லோரையும் கூட்டினார்.

"ரயில்காரன் மேட்டுலேர்ந்து நம்ம தோட்டத்துக்குள்ள புகுந்திருக்கு. பத்து வீட்டையும் அவன் செலவுல சுத்தம் பண்ணித் தரணும். எம்லின், தோட்டம் தெரிஞ்சவன் நீதான். முதல் கையெழுத்து நீ போடுப்பா."

எம்லின் பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"வேலியை ஒட்டி ஒண்ணும் முளைக்கலையே," என்றார்.

"அதனால?"

"எல்லார் வீட்டுலயும் பாத்தியில மட்டும்தான் முளைச்சிருக்கு. நான் குடுத்த உரம் போட்ட பாத்தியில."

எம்லின் பேனாவை மேசையில் வைத்தார்.

"அந்தச் செடி வேலிக்கு மேல சாஞ்சு அசிங்கமா நின்னுது. சனிக்கிழமை சனிக்கிழமை வேரோட பிடுங்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி, உரத்துல போட்டேன். நாலு வருஷமா. நல்லா மட்குதுன்னு சந்தோஷப்பட்டேன்."

ஹவெல் கடிதத்தை மெல்ல நாலாக மடித்தார். யாரோ, "இன்னும் கொஞ்சம் டீ?" என்றார்கள். இந்த ஊரில் வீடு இடிந்து விழுந்தாலும் அடுத்த பேச்சு அதுதான்.

"ஊசி போடுற ஆளுங்களை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் எம்லின். "பத்து வீட்டுக்கும் என் பொறுப்பு. வருஷாவருஷம் தண்டுல மருந்து ஏத்தணும். உத்தரவாதப் பத்திரம் குடுப்பாங்க, வங்கி ஏத்துக்கும்."

"எப்பக் குடுப்பாங்க?" என்றாள் ஆல்வென்.

"செடி பூக்குற சமயத்துலதான் மருந்து ஏறுமாம். செப்டம்பர்ல."

"ஃபிளாட்டை எனக்காக இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பாங்க எம்லின்."

"தெரியும்."

"இருபத்தொன்பது படி."

"தெரியும் ஆல்வென்."

எல்லோரும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம். எதற்கு நன்றி என்று தெரியாது, பழக்கம்.

ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் கேட் பக்கத்தில் மஞ்சள் பக்கெட்டுகள் வரிசையாக நின்றன. எல்லாம் பளிச்சென்று கழுவியிருந்தன. எல்லாம் காலி. அதில் ஒன்று என்னுடையது. ஒரு பக்கெட் ஏற்கெனவே நிற்பதைப் பார்த்த பிறகுதான் நானும் கொண்டுபோய் வைத்தேன், அதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். அலமாரியில் ஜாம் இருந்தது.

எட்டு பத்துக்கு எம்லின் வெளியே வந்தார். பக்கெட்டுகளைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன், வெட்கமாக இருந்தது. மறுபடி விலக்கியபோது அவர் அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். எட்டுதான் இருந்தன.

அவர் ஆல்வென் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கடைக்கு என்ன வேணும்னு எழுதிக் குடு. இனிமே தினம் நான் போய் வாங்கிட்டு வரேன். நீ படி இறங்க வேண்டாம்."

"சரி."

"அப்புறம்... பக்கெட் உங்கிட்ட மட்டும்தான் பாக்கி. குடுத்தேன்னா எடுத்து வச்சுடுவேன். இனிமே அது எதுக்கு."

"குடுக்க முடியாது. கேக் இன்னும் அடுப்புல இருக்கு."

எம்லின் அவள் தோளுக்கு மேல் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே," என்றாள் ஆல்வென். "அந்த ஃபிளாட்டுல சமையலறையிலேர்ந்து கடல் தெரிஞ்சுது. ஆனா காலியா அனுப்ப எனக்குக் கை வரல. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா. அந்த மண்ணை இங்க கொண்டாராதே."